அவங்களா செஞ்சது

கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் நூலும் நூலும் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊடைநூல் சுமந்து மூன்று நாடா ஓடும். இரண்டை நான் பார்த்துக்கொள்வேன். வலது கரைக்கான நாடாவை என் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் தள்ள வேண்டும். அவர் கை நின்றால் என் கையும் நிற்கும். ஆரணியில் எங்கள் தெருவில் கோர்வை போடுகிற எல்லார் வீட்டிலும் இப்படித்தான்.

தொண்ணூறுகளில் அந்த இடத்தில் என் மகன் உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் போகும் முன் கொஞ்ச நேரம், வந்த பிறகு கொஞ்ச நேரம். கை சுறுசுறுப்பு. வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. நாடாவைத் தள்ளிக்கொண்டே எதிர்வீட்டுக்காரர் நடக்கிற நடை, வாத்தியார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எல்லாம் செய்து காட்டுவான். சிரிப்பில் நான் தறியின் கால்மிதியைத் தவறவிட்டதும் உண்டு. எட்டாவது போனதும், "இனிமே நான் உக்கார மாட்டேன்பா. பசங்க கிண்டல் பண்றாங்க" என்றான். நான் வற்புறுத்தவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். அவனாவது படிக்கட்டும் என்று இருந்தது.

கொஞ்ச காலம் என் மனைவி உட்கார்ந்தாள். அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கோர்வைக்காரர் வந்தார்.

பெயர் போட வேண்டாம். கோர்வைக்காரர் என்றே எழுதுகிறேன். சேத்துப்பட்டு போகிற சாலையில் ஏரிக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். ஊரிலிருந்து தள்ளி இருக்கும் காலனியில் வீடு. நிலம் கிடையாது. அப்பா அம்மா கூலி வேலை. இவரைச் சின்ன வயதிலேயே யாரோ ஒரு பட்டுக்காரர் வீட்டில் விட்டிருக்கிறார்கள். அங்கே கற்றுக்கொண்டது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். நேரில் வா, போ என்றுதான் பேசுவேன். எழுதும்போது அப்படி வரவில்லை.

காலையில் சைக்கிளில் வருவார். வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு உட்காருவார். என் வீட்டில் அவர் தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர் தனியாக இருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் யாரும் வைக்கவில்லை. இருந்தது. சில வருடம் கழித்து அது மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டது. யாரும் பிரித்து வைக்கவும் இல்லை. அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த மாற்றம். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அவரும் வாய்க்காரர்தான்.

"இன்னாணா, இன்னிக்கு கால் இழுக்குது? அண்ணிகூட சண்டையா?"

"வாய மூடிக்கினு நாடாவத் தள்ளு."

"வாய மூடினா கை ஓடாதுணா எனக்கு."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள். "ரெண்டு பேரும் பேசிக்கினே இருங்க. பொடவை தானா நெய்துக்கும்."

இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் போனது.

மகன் படித்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை வருவான். கம்ப்யூட்டரில் எழுதுகிறான் என்பது எனக்கு அவன் சொல்லித் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நாலைந்து பையன்கள் வந்து நின்றார்கள். கையில் ஸ்வீட் பெட்டி.

"நீங்கதான அண்ணனோட அப்பா?"

"எந்த அண்ணன்?"

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். "எங்க அண்ணன்பா. உங்க பையன்."

பட்டுக்கடையில் நிற்கிற பையன், பாலிடெக்னிக் படிக்கிற பையன், வேலை இல்லாத பையன். எல்லாம் எங்கள் பக்கத்துத் தெருக்கள்தான். பஜாரில் இருக்கிற பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் மகன் எழுதுவதைப் படிப்பார்களாம். அவன் ஒரு குழு நடத்துகிறானாம். நம் தெரு, நம் தறி, நம் ஆட்கள் என்று எழுதுவானாம். சிங்கப்பூரில் இருக்கிற நம்மவர்கள்கூடப் படித்துவிட்டுப் பதில் போடுகிறார்களாம். ஒரு பையன் என் காலில் விழுந்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்திரு என்றேன்.

இன்னொருவன் என் மகன் எழுதியதை மனப்பாடமாகச் சொன்னான். அம்மாவுக்குத் தோள் வலித்தும் கோர்வை போட்டதைப் பற்றி. நாடா தள்ளுகிற கையைச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு தள்ளியதைப் பற்றி. என் மனைவி அதைக் கேட்டு அழுதாள். நல்ல எழுத்து. இன்றைக்குக் கேட்டாலும் நல்ல எழுத்து என்றுதான் சொல்வேன்.

கோர்வைக்காரருக்கு அன்று வேலை இல்லை. இருந்திருந்தால் அவரும் அழுதிருப்பார்.

அடுத்த வருடம் எழுத்து மாறியது. அதையும் அந்தப் பையன்கள்தான் வந்து சொன்னார்கள், சந்தோஷமாக. வெளியூர் ஆட்கள் நம் தொழிலைக் கற்றுக்கொண்டு நம் தறியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று அண்ணன் எழுதியிருக்கிறாராம். விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாராம். மகன் ஊருக்கு வந்தபோது கேட்டேன்.

"எதுக்குடா அதெல்லாம்?"

"சும்மா காமெடிபா."

"அம்மாவப் பத்தி எழுதினியே, அது மாதிரி எழுது."

"அம்மாவப் பத்தி எழுதினா நல்லாருக்குன்னு சொல்லிட்டு போய்டறாங்கபா. இன்னொருத்தனப் பத்தி எழுதினா ஊரே வந்து நிக்குது."

மறைக்காமல் சொன்னான். அதில் ஏதும் தப்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதம் அம்மன் கோவில் திருவிழாவுக்கு முச்சந்தியில் பிளக்ஸ் பேனர் வைத்தார்கள். மேலே அம்மன். கீழே என் மகன், கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு. 'எங்கள் தறி எங்கள் ரத்தம்' என்று எழுத்து. சுற்றிலும் பையன்களின் சின்னச் சின்னத் தலைகள். நான் அதன் கீழே நடந்துதான் பால் வாங்கப் போக வேண்டும். மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நான் கேக்கலபா. அவங்களா வெச்சாங்க. நம்ம பசங்கபா, பாசக்காரப் பசங்க" என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது. பெற்றவனுக்கு அதைக் கேட்டுக் கோபம் வராது. எனக்கும் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு மகன் வந்திருந்தான். தறியைக் கழுவி, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்தோம். கோர்வைக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகனிடம் சின்ன கேமரா இருந்தது. என்னையும் அவரையும் தறியில் உட்காரச் சொல்லிப் படம் எடுத்தான்.

"தம்பி, எனக்கு ஒரு காப்பி குடுப்பியா?" என்று கேட்டார் கோர்வைக்காரர்.

"உங்களுக்கு எதுக்குணா காப்பி. கம்ப்யூட்டர்ல போடறேன், ஒலகமே பாக்கும்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். எங்க அப்பா படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று.

அதற்குப் பிறகு பையன்கள் வந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்தது. தறியை எட்டிப் பார்ப்பார்கள். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். ஒருவன் என்னிடம் கேட்டான்.

"ஏன்பா, நம்ம தெருவுல ஆளே கெடைக்கலியா?"

"நீ வந்து உக்காரு. கத்துத் தரேன்."

"ஐயோ, எனக்கு முதுகு வலி" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். கோர்வைக்காரரும் சிரித்தார். "தம்பிக்கு இந்த வயசுலயே முதுகு போச்சே" என்றார். அந்தப் பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கிளம்பிப் போனார்கள்.

கார்த்திகை மழை. ஒரு நாள் காலையில் அவர் வரவில்லை. மழைக்குப் பயந்து நிற்கிற ஆள் இல்லை. பாவு கட்டி, புடவை பாதியில் இருந்தது. பத்து மணிக்குப் பால்காரர் ஒருவர் வந்து சொன்னார். ஏரிக்கரையில் அடித்துப் போட்டிருக்கிறார்கள், கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று.

நான் போவதற்குள் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் பிடித்து வேலூர் போனேன். வலது கை முழங்கைவரை கட்டு. விரல்கள் கட்டுக்கு வெளியே கருத்துப்போய்த் தெரிந்தன. அவர் மனைவி கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"யாருப்பா?"

"மூஞ்சில கர்சீப் கட்டிக்கினு இருந்தாங்கணா. பைக்குல. சைக்கிளத் தள்ளி விட்டாங்க. நான் எழுந்துக்கறதுக்குள்ள கையப் புடிச்சி கல்லு மேல வெச்சி மிதிச்சாங்க. வேற எங்கயும் அடிக்கல. கை மட்டும்தான்."

"இன்னா சொன்னாங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார். "எங்க அண்ணன் இடத்துல உக்காருவியான்னு கேட்டாங்க. திரும்பத் திரும்ப அதேதான்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "ஏண்ணா, தறிக்குழி உங்களுது, தறி உங்களுது. எனக்கு அதுல எது இடம்?"

அண்ணன் யார் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் நான் பஜாருக்குப் போய் பிரவுசிங் சென்டரில் ஏறினேன். பலகை அடித்த சின்னச் சின்ன அறைகள். கடைக்காரர் நல்ல பையன். என் மகன் எழுதியதைக் காட்டச் சொன்னேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மெதுவாகப் படித்துக் காட்டினார்.

ஆயுத பூஜைப் படம் இருந்தது. நானும் அவரும். அவர் புதுச்சட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருந்தார். கீழே என் மகன் எழுதியிருந்தான். 'என் இடத்துல யார் உக்காந்திருக்காருன்னு பாருங்க. இன்னும் கொஞ்ச நாள்ல எங்கப்பா இவங்க ஊருக்குப் போய் நாடா தள்ளுவாரு.'

அவ்வளவுதான் அவன் எழுதியது. அந்த இடத்தை விட்டுத் தானாக எழுந்து போனவன் அவன். அதை எழுதவில்லை.

அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதியது போய்க்கொண்டே இருந்தது. முதலில் சிரிப்பு. பிறகு திட்டு. ஒருத்தன் எழுதியதைவிட அடுத்தவன் கொஞ்சம் காரமாக எழுதியிருந்தான். அவனைவிட அடுத்தவன். எந்த ஊர் இந்த ஆள் என்று ஒருவன் கேட்டிருந்தான். ஒருவன் ஊரைச் சொல்லியிருந்தான். தினமும் ஏரிக்கரை மேல்தான் சைக்கிளில் வருகிறான் என்று ஒருவன். கை இருந்தால்தானே நாடா தள்ளுவான் என்று ஒருவன். கடைக்காரர் அந்த வரியைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த வரிக்குக் கீழே ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்துக்கொண்டு இருந்தது.

"இது யாரு போட்டது?"

அவர் சொல்லத் தயங்கினார்.

"சொல்லுங்க தம்பி."

"உங்க பையன்தாங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். காசு கொடுக்க மறந்து, பாதி வழி வந்து, திரும்பிப் போய்க் கொடுத்தேன்.

என் மனைவியின் செல்லில் மகனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"யாரோ பசங்கபா. நான் அடிக்கச் சொன்னேனா? எங்கயாச்சும் அப்படி எழுதியிருக்கேனா?"

"மூஞ்சி போட்டிருக்கியே."

"எந்த மூஞ்சி?"

"மஞ்சளா. சிரிக்கிற மூஞ்சி."

"அது பழக்கம்பா. யார் எது போட்டாலும் ஒண்ணு போட்டுடுவேன். படிச்சாச்சுன்னு அர்த்தம். சில சமயம் படிக்கக்கூட மாட்டேன்."

பேனர் வைத்தபோது நம்ம பசங்க. கை ஒடிந்தபோது யாரோ பசங்க. இதை அவனிடம் சொல்லவில்லை. ஒன்றுதான் சொன்னேன்.

"நீ எங்க எழுதினியோ அங்கயே எழுது. தப்புன்னு எழுது. அந்த எடத்த விட்டுப் போனது நான்தான்னு எழுது."

எழுதினான். இரண்டு நாள் கழித்து நான் மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் படித்தார். அடிதடி நமக்கு வழக்கம் இல்லை, யாரும் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டாம், ஆனால் நம் இளைஞர்களின் வேதனையையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. கை ஒடிந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடத்தைப் பற்றியும் இல்லை.

வெளியே டீக்கடையில் அந்த முதுகுவலிப் பையன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"படிச்சியா, அவன் எழுதினத?" என்றேன்.

"படிச்சோம்பா. அண்ணன் வெளிய அப்படித்தான எழுதணும். எங்களுக்குத் தெரியாதா?" கண்ணைச் சிமிட்டினான். "டீ சாப்பிடறீங்களா?"

வேண்டாம் என்றேன்.

தறியில் புடவை பாதியில் நின்றது. பட்டுக்கடைக்காரர் கல்யாண ஆர்டர் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். என் மனைவி தோளில் தைலம் தடவிக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள். கோர்வைக்காரர் தள்ளுகிற வேகம் வேறு, இவள் தள்ளுகிற வேகம் வேறு. இழுப்பு மாறினால் கரையில் தெரியும். புடவையை மடித்துக் காட்டியபோது வலது கரையில் ஓர் இடத்தில் விரலால் கோடு போட்ட மாதிரி இருந்தது. பட்டுக்கடைக்காரர் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆள் மாறிடுச்சுங்க" என்றேன். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என் மனைவி போக வேண்டாம் என்றாள். "பெத்த புள்ளைய நீங்களே மாட்டி விடுவீங்களா?" என்றாள். அங்கே இருந்தவர், அடையாளம் தெரியாத நபர்கள் என்று கம்ப்ளெய்ன்ட் இருப்பதாகச் சொன்னார். கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதைப் பார்க்கச் சொன்னேன். யார் ஊரைச் சொன்னது, யார் வழியைச் சொன்னது, எல்லாம் அதில் இருக்கிறது என்றேன்.

"யாரோட குரூப்பு அது?"

"என் பையனோடது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். பிறகு அவருக்கே என்னமோ தோன்றி, பிரவுசிங் சென்டருக்கு ஒருவரை அனுப்பினார். அந்த ஆள் திரும்பி வந்து, அங்கே ஒன்றும் இல்லை என்றார். படமும் இல்லை, கீழே எழுதியதும் இல்லை. அதற்கு முந்தின நாளே மகன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருக்கிறான்.

"நல்லதுக்குதான்பா எடுத்தேன். அது இருந்தா இன்னும் பேசிக்கினே இருப்பாங்க" என்றான் போனில்.

"யாருக்கு நல்லது?"

"எல்லாருக்கும்."

கோர்வைக்காரர் வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். எலும்பு கூடிவிடும், ஆனால் இரண்டு விரல் மடங்காது என்று சொல்லியிருக்கிறார்கள். மடங்காத விரலில் நாடா நிற்காது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கேஸ் நடத்துவது பற்றிக் கேட்டேன்.

"கேஸ் வாணாம்ணா. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலைய என்னால ஆவாது. தம்பி வந்து என் மூஞ்சப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும்."

அவர் மனைவி குறுக்கே பேசினார். "இன்னா வார்த்தை? செஞ்சது செஞ்சதுதான்."

"நீ இரு. அந்தப் புள்ளைய எனக்குத் தெரியும். படம் புடிக்கறப்ப என் சட்டை காலர சரி பண்ணி விட்டுச்சு. வந்து தப்புன்னு சொல்லிட்டா ஊர்ல இருக்கறவங்களுக்கும் தெரியும். என் பொண்ணு பள்ளிக்கூடம் போய் வரணும்ணா. அதே ஏரிக்கரைதான்."

அவருக்கு வேண்டியது அதுதான். மகள் அந்தக் கரையில் நடக்க வேண்டும். அதற்கு அண்ணன் என்று அந்தப் பையன்கள் கும்பிடுகிறவனே வந்து, இது தப்பு என்று சொன்னால்தான் அடிதடி நிற்கும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மகனைக் கூப்பிட்டேன். கொஞ்சம் இழுத்தான். பிறகு வருகிறேன் என்றான். யாருக்கும் சொல்லாமல் வா என்றேன். சரி என்றான்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நான் போய் நின்றேன். அவன் பஸ்ஸிலிருந்து இறங்குமுன்னே பையன்கள் அங்கே நின்றார்கள். ஒருவன் கையில் மாலை.

"சொல்லாம வான்னு சொன்னேனே?"

"எதுக்கு வரேன்னு சொல்லலபா. ஊருக்கு வரேன்னு மட்டும் போட்டேன். அவங்களா வந்திருக்காங்க." மாலையைக் கழுத்தில் வாங்கி, உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பையன்களைப் பார்த்து, "சொந்த வேலையா வந்திருக்கேன். யாரும் வராதீங்க" என்றான்.

"சரிண்ணா, சரிண்ணா" என்றார்கள். ஒருத்தனும் நகரவில்லை.

ஆட்டோ பிடித்தோம். மாலையை ஆட்டோவில் பின்னால் வைத்தான். சேத்துப்பட்டு சாலையில் திரும்பியதும் பின்னால் பைக் சத்தம் கேட்டது. மகன் தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டினான், போங்கள் என்று. அவர்களும் கையை ஆட்டினார்கள். ஹார்ன் அடித்தார்கள். ஏரிக்கரையில் ஏறும்போது இன்னும் சில பைக்குகள் சேர்ந்துகொண்டன.

"எறங்கி நல்லா சொல்லுடா" என்றேன்.

ஆட்டோவை நிறுத்தி இறங்கினான். "எதுக்குடா வரீங்க? நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன். இதுக்கு எதுக்கு கூட்டம்?" என்றான். பாதி கோபம், பாதி சிரிப்பு. அவனுக்கு அப்படித்தான் பேச வரும். ஒரு பையன், "மன்னிப்பு கேக்கற மனசு யாருக்குண்ணா வரும்? அதான் எங்க அண்ணன்" என்றான். மற்றவர்கள் விசில் அடித்தார்கள்.

அவன் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அது இன்னொரு பெருமை. அவனால் அதை நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு அவன் முகத்தில் அது தெரிந்தது. முதல் முறையாகப் பயந்த மாதிரி இருந்தான்.

"திரும்பிடலாமாபா?" என்றான்.

திரும்பியிருக்க வேண்டும். ஆனால் காலனி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே இருப்பவர்களுக்கும் நாங்கள் தெரிந்துவிட்டோம். பைக் சத்தம் கேட்டுப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன. கோர்வைக்காரர் வீட்டு வாசலில் அவர் மகள் பாத்திரம் விளக்கிக்கொண்டு இருந்தாள். போட்டது போட்டபடி உள்ளே ஓடினாள். பைக்குகள் வாசலுக்கு எதிரே வரிசையாக நின்றன. ஒருத்தனும் இறங்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். கையில் கட்டு, அதைத் தாங்கத் தோளில் துணித் தூக்கு. என்னைப் பார்த்தார். என் மகனைப் பார்க்கவில்லை. பைக்குகளைப் பார்த்தார். அந்த முதுகுவலிப் பையன் முன்னால் இருந்தான்.

மகன் ஓர் அடி முன்னால் போனான். "அண்ணா, நான் வந்தது..." என்றான்.

அவர் அவனை முடிக்க விடவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல தம்பி. மழைல சைக்கிள் வழுக்கிடுச்சு. நானே விழுந்தேன். யாரும் எதுவும் செய்யல. யார் மேலயும் எனக்கு எதுவும் இல்ல."

பின்னால் ஒருவன் கை தட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கதவுக்கு உள்ளே அவர் மனைவி அழுவது கேட்டது. என் மகன் வாயைத் திறந்தபடியே நின்றான். அவர் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மகன், "அவரே விழுந்தேன்னு சொல்லிட்டாருபா" என்றான். அதை அவன் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று மதியமே அவன் சென்னைக்குப் போய்விட்டான். கொஞ்ச நாள் எழுதாமல் இருந்தான் என்று பிரவுசிங் சென்டர்க்காரர் சொன்னார். பிறகு எழுத ஆரம்பித்தான். இப்போதும் எழுதுகிறான். முன்பைவிட நிறையப் பேர் படிக்கிறார்களாம். என்ன எழுதுகிறான் என்று நான் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

கம்ப்ளெய்ன்ட்டைக் கோர்வைக்காரர் வாபஸ் வாங்கிவிட்டார்.

பொங்கல் கழித்து நான் ஒருமுறை போனேன். சைக்கிளில் போகவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி, யாராவது தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்து, நடந்து போனேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கையால் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு இருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் பின்னால் சாலையைப் பார்த்தார்.

"யாராச்சும் வராங்களாணா?"

"யாரும் இல்ல. பஸ்ல வந்தேன்."

"நல்லது."

உட்கார்ந்தோம். கையைப் பற்றிக் கேட்டேன். பரவாயில்லை என்றார். மகளைப் பற்றிக் கேட்டேன். போளூர் பக்கம் அவர் மச்சான் வீட்டில் விட்டிருக்கிறாராம். அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டதாம். பேசும்போதெல்லாம் அவர் கண் சாலையிலேயே இருந்தது. தூரத்தில் ஒரு மொபெட் வந்தது. உரிப்பதை நிறுத்தினார். அது யாரோ தீவனக் கட்டு ஏற்றிக்கொண்டு போகிறவர். அது போன பிறகு மறுபடி உரித்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"இனிமே நீங்க வராதீங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல. சாமி மேல ஆணையா இல்ல. நீங்க தனியாதான் வரீங்க. ஆனா உங்க பின்னாடி யாரு வராங்கன்னு உங்களுக்கே தெரியாதுணா. அன்னிக்கு அந்தப் புள்ளைக்கும் தெரியல."

சரி என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் உரித்ததில் ஒரு பிடி எடுத்து, இடது கையால் என் கையில் வைத்தார். எழுந்து வந்தேன்.

பிறகு நான் போகவில்லை.